ஐம்பதுக்குப் பிறகு மார்பக இம்பிளான்ட்: குறைந்தது அளவா, பிடிப்பா?

மாதவிடாய் நின்ற பிறகு மார்பகத்தைப் பெரிதாக்கும் அறுவை சிகிச்சை பற்றி ஒரு பெண் வாய் திறந்தால், "இந்த வயசுல இதெல்லாம் எதுக்கு?" என்றுதான் பெரும்பாலும் பதில் வருகிறது. அந்தக் கேள்வி நியாயமில்லாதது. தன் உடம்பு தனக்குப் பிடித்த மாதிரி இருக்க வேண்டும் என்ற ஆசைக்கு வயது வரம்பு கிடையாது. சர்க்கரை, ரத்த அழுத்தம் எல்லாம் கட்டுக்குள் இருக்கும் 55 வயதுப் பெண்ணை, வயதை மட்டும் காட்டி எந்த மருத்துவரும் திருப்பி அனுப்ப வேண்டியதில்லை. கேட்க வேண்டிய கேள்வி வேறு: மெனோபாஸில், அதாவது மாதவிடாய் நிற்கும்போது, மார்பகம் உண்மையில் எதை இழக்கிறது?

மார்பகத்துக்குள் இருப்பவை பால் சுரப்பிகள், பால் குழாய்கள், சுற்றிலும் கொழுப்பு, இவற்றைத் தோலோடும் நெஞ்சோடும் சேர்த்துப் பிடித்திருக்கும் மெல்லிய நார்கள். தூக்கி நிறுத்தத் தசை எதுவும் உள்ளே இல்லை. நெஞ்சுத் தசை அதன் பின்னால் இருக்கிறது. சுரப்பிகளைச் செழிப்பாக வைத்திருப்பவை ஈஸ்ட்ரோஜன், புரொஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன்கள். சினைப்பைகள் ஓய்ந்து இந்த இரண்டும் வடிந்ததும் சுரப்பிகள் சுருங்குகின்றன, அந்த இடத்தைக் கொழுப்பு பிடித்துக்கொள்கிறது. சிலருக்கு மார்பகம் சிறுக்கிறது. உடல் எடை கூடுகிறவர்களுக்குப் பெருக்கவும் செய்கிறது. இருவருக்கும் பொதுவானது, உள்ளே இருந்த கெட்டித்தன்மை போய்விடுவது.

தோலின் கதை இதைவிட முக்கியம். மெனோபாஸுக்குப் பிந்தைய முதல் ஐந்து ஆண்டுகளில் தோலுக்கு உறுதி தரும் கொலாஜன் என்ற புரதத்தில் ஏறத்தாழ 30 சதவீதம் குறைகிறது. தோல் மெலிகிறது, இழுத்தால் திரும்பிச் சுருங்கும் சக்தி குறைகிறது. அதாவது இந்த வயதில் பலருக்கும் முதலில் குறைவது அளவு அல்ல, பிடிப்பு. மார்பகத்தைப் பெரிதாக்க உள்ளே வைக்கும் சிலிகான் அல்லது உப்புநீர்ப் பையான இம்பிளான்ட் தருவதோ அளவை மட்டும். 300 மில்லி சிலிகான் இம்பிளான்ட் ஏறக்குறைய 300 கிராம் இருக்கும். ஏற்கெனவே தளர்ந்த தோல்தான் அந்தக் கூடுதல் எடையையும் இனி சுமக்க வேண்டும்.

உலகின் முதல் சிலிகான் இம்பிளான்ட் 1962-இல் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் டிம்மி ஜீன் லிண்ட்சே என்ற பெண்ணுக்குப் பொருத்தப்பட்டது. செய்தவர்கள் தாமஸ் க்ரோனின், ஃப்ராங்க் ஜெரோ என்ற மருத்துவர்கள். அதை அகற்றாமலே அவர் முதுமையையும் எட்டினார். 2012-இல் அளித்த பேட்டியில், அது எப்போதும் நிமிர்ந்தே இருக்கும் என்று எல்லாரும் நினைப்பார்கள், ஆனால் சாதாரண மார்பகம் போலவே காலப்போக்கில் தொங்கிவிட்டது என்று சொன்னார். இம்பிளான்ட்டுக்கு வயதாவதற்கு முன்பே தோலுக்கு வயதாகிவிடும் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி தேவையில்லை.

சரி, தனக்கு வேண்டியது எது என்று எப்படித் தெரிந்துகொள்வது? மருத்துவர் முதலில் பார்ப்பது, மார்பகத்துக்கு அடியில் உள்ள மடிப்புக் கோட்டையும் காம்பு இருக்கும் உயரத்தையும். காம்பு அந்தக் கோட்டுக்கு மேலே இருந்தால் இம்பிளான்ட் மட்டுமே போதலாம். கீழே இறங்கியிருந்தால், தளர்ந்த தோலைக் கழித்துக் காம்பை மேலே ஏற்றும் லிஃப்ட் சிகிச்சை தேவைப்படும். பல பெண்களுக்கு லிஃப்ட் மட்டுமே போதும். அதில் தழும்பு அதிகம், ஆனால் உடம்புக்குள் அந்நியப் பொருள் எதுவும் நுழைவதில்லை. அடுத்து மருத்துவர் மார்பகத்தின் மேல்பகுதியைக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் கிள்ளிப் பிடித்து அளப்பார். பிடியில் சிக்குவது 2 சென்டிமீட்டருக்கும் குறைவாக இருந்தால், இம்பிளான்ட்டின் ஓரம் வெளியே தெரியாதிருக்க அதை நெஞ்சுத் தசைக்கு அடியில் வைப்பது வழக்கம். தோலும் கொழுப்பும் மெலிந்த வயதில் இந்தக் கிள்ளல் அளவுக்கு மதிப்பு அதிகம்.

மாதவிடாய் நின்றும் நிற்காமலும் இருக்கிற அந்த இடைப்பட்ட ஆண்டுகளில் அவசரப்படாமல் இருப்பது நல்லது என்பது என் கருத்து. ஹார்மோன்கள் ஏறி இறங்குவதால் மார்பகம் ஒரு மாதம் வீங்கி வலிக்கும், அடுத்த மாதம் வற்றிவிடும். எடையும் நிலையாக இருக்காது. அப்போது எடுத்த அளவை நம்பி எதைப் பொருத்துவது? பன்னிரண்டு மாதம் மாதவிடாய் வராமல் இருந்தால்தான் மெனோபாஸ் என்று சொல்கிறோம், அதுவரையாவது பொறுக்கலாம். ஹார்மோன் மாத்திரை எடுப்பவர்கள் அதை அறுவை மருத்துவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். வாய்வழி ஈஸ்ட்ரோஜன் ரத்தக்கட்டி அபாயத்தைக் கூட்டும், அறுவை சிகிச்சையும் கூட்டும். புகைப்பவர்களுக்குக் காம்புக்குப் போகும் ரத்த ஓட்டமே தடைபடலாம்.

மார்பகப் புற்றுநோய்க்கான அபாயம் வயதோடு ஏறுகிறது என்பதால், அதைக் கண்டுபிடிக்க எடுக்கும் மார்பக எக்ஸ்ரேயான மேமோகிராம் பற்றித்தான் நான் மிகவும் கவலைப்படுவேன். அறுவைக்கு முன்பே ஒரு மேமோகிராம் எடுத்துவிட வேண்டும். பிற்பாடு ஒப்பிட அது உதவும். சிலிகானும் உப்புநீர் இம்பிளான்ட்டும் எக்ஸ்ரேயில் வெள்ளையாகத் தெரிந்து, பின்னாலுள்ள திசுவை மறைக்கும். அதனால் டெக்னீஷியன் வழக்கமான படங்களை எடுத்த பிறகு, இம்பிளான்ட்டை விரலால் நெஞ்சுப் பக்கம் தள்ளி, திசுவை மட்டும் முன்னால் இழுத்துத் தட்டுகளுக்கு நடுவே வைத்து இன்னொரு முறை எடுப்பார். நான்கு படம் எட்டாகும். இந்த முறை தெரிந்தவர்கள் இருக்கும் இடமா என்று விசாரித்துவிட்டுப் போக வேண்டும். உள்ளே போனதும் இம்பிளான்ட் இருப்பதை முதலில் சொல்ல வேண்டும். இம்பிளான்ட்டுக்குப் பதில் சொந்தக் கொழுப்பை ஊசியால் ஏற்றினாலும் இந்தக் கவலை முழுசாகத் தீராது. ஏற்றிய கொழுப்பில் ஒரு பகுதி கரைந்துவிடும். சிலருக்கு அது சுண்ணாம்புத் துகளாகப் படிந்து, படத்தில் புற்றுநோயோ என்ற சந்தேகத்தைக் கிளப்பும்.

இம்பிளான்ட் வாழ்நாள் முழுக்க நீடிக்கும் பொருளல்ல என்று அமெரிக்காவின் மருந்து, மருத்துவக் கருவிகளைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான எஃப்டிஏ சொல்கிறது. சிலிகான் வகை வெளியே எந்த அறிகுறியும் இல்லாமல் உள்ளே கிழியலாம் என்பதால், பொருத்திய ஐந்தாறு ஆண்டில் ஒரு அல்ட்ராசவுண்ட் அல்லது எம்ஆர்ஐ, அப்புறம் இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை என்று அது பரிந்துரைக்கிறது. சொரசொரப்பான மேற்பரப்பு கொண்ட வகைகளோடு லிம்போமா எனப்படும் நிணநீர் மண்டலப் புற்றுநோயின் ஓர் அரிய வகை தொடர்புபட்டதால், 2019-இல் அல்லெர்கன் நிறுவனம் அப்படிப்பட்ட தன் இம்பிளான்ட்களை உலகம் முழுவதும் திரும்பப் பெற்றது. பொருத்திப் பல ஆண்டுகள் கழித்து ஒரு பக்கம் மட்டும் திடீரென வீங்குவது அதன் முக்கிய அறிகுறி. அதை வயதுக் கோளாறு என்று விட்டுவிடக் கூடாது.

52 வயதில் பொருத்தினால் 58-இல் முதல் ஸ்கேன். 65, 70 வாக்கில் கிழிசலுக்காகவோ, சுற்றியுள்ள தழும்புத் திசு இறுகி வலிப்பதற்காகவோ இன்னொரு அறுவை சிகிச்சை வரலாம். அன்றைக்கு இதயமும் சர்க்கரையும் எப்படி இருக்குமோ தெரியாது. மாற்று வைக்காமல் எடுத்துவிடலாம்தான். ஆனால் அதற்குள் தோல் இன்னும் விரிந்திருக்கும், அப்போது லிஃப்ட்டும் சேர்த்துச் செய்ய நேரும். அதனால் முதல் சந்திப்பிலேயே மருத்துவரிடம், "இதை எழுபது வயதில் எடுக்க வேண்டி வந்தால் என்ன செய்வீர்கள், எவ்வளவு செலவாகும்?" என்று கேட்டுவிடுங்கள்.