கசகசா அளவு எரிபொருள், தானே ஆறும் உலை

அணு உலையை நிறுத்திவிட்டால் சூடும் அதோடு நின்றுவிடும் என்றுதான் பலரும் நினைக்கிறோம். நிற்காது. 2011இல் ஃபுகுஷிமாவில் நிலநடுக்கம் வந்ததுமே, ஓடிக்கொண்டிருந்த மூன்று உலைகளும் ஒழுங்காக நின்றுவிட்டன. நின்ற அந்த உலைகள்தான் பிறகு உருகின.

காரணம், யுரேனியம் பிளந்து உண்டாகும் துண்டுகளும் கதிரியக்கம் உள்ளவை. அவை சிதையச் சிதைய வெப்பம் வந்துகொண்டே இருக்கும். நிறுத்திய நொடியில் இது முழுத் திறனில் 6 சதவீதத்துக்கு மேல், ஒரு நாள் கழித்தும் அரை சதவீதம் போல. அரை சதவீதம்தானே என்று விட முடியாது. 3,000 மெகாவாட் வெப்பம் தரும் உலையில் அது 15 மெகாவாட். ஃபுகுஷிமாவில் சுனாமி டீசல் ஜெனரேட்டர்களை மூழ்கடித்தது. குளிர்விக்கும் பம்புகள் ஓடவில்லை.

சிறிய உலை என்றதும் தொழிற்சாலையில் செய்து கொண்டுவந்து பொருத்தலாம், சீக்கிரம் கட்டலாம், செலவு குறையும் என்கிறார்கள். எனக்கு முக்கியமாகத் தெரிவது வேறு. உலை சிறிதாக இருந்தால் இந்த மிச்ச வெப்பம் தானாகவே வெளியேற முடியும். அண்டாவில் இருக்கும் சாம்பார் மதியம் வரை சுடும். அதையே கிண்ணத்தில் ஊற்றினால் சீக்கிரம் ஆறிவிடும். உள்ளே இருக்கும் அளவோடு ஒப்பிட்டால், கிண்ணத்துக்கு வெளிப்பரப்பு அதிகம்.

சீனாவின் ஷாண்டோங் மாகாணத்தில், ஷிதாவ் விரிகுடாவில் இருக்கும் மின்நிலையம் இந்தக் கணக்கை நம்பிக் கட்டப்பட்டது. அங்கே தலா 250 மெகாவாட் வெப்பம் தரும் இரண்டு உலைகள் சேர்ந்து 210 மெகாவாட் டர்பைன் ஒன்றைச் சுழற்றுகின்றன. எரிபொருள் கம்பிகள் கிடையாது. சாத்துக்குடி அளவில், 6 சென்டிமீட்டர் கிராபைட் உருண்டைகள், ஒரு உலைக்கு நான்கு லட்சத்துக்கும் மேல். மேலே போட்டால் மெல்ல இறங்கிக் கீழே வரும். எவ்வளவு எரிந்திருக்கிறது என்று பார்த்துவிட்டு, மறுபடி மேலே அனுப்புவார்கள்.

ஓர் உருண்டைக்குள் ஏறத்தாழ 12,000 மணிகள். ஒவ்வொன்றும் கசகசா அளவுதான். நடுவில் யுரேனியம், அதைச் சுற்றிக் கார்பன் அடுக்குகள், இடையில் சிலிக்கான் கார்பைடு ஓடு. கதிரியக்கத் துண்டுகளை இந்த ஓடு 1,600 டிகிரி செல்சியஸ் வரை வெளியே விடாது. பெரிய கான்கிரீட் கூடம் செய்ய வேண்டிய காவலை ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத மணி செய்கிறது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

சரி, நிஜமாகவே ஆறுமா? 2023 ஆகஸ்டிலும் செப்டம்பரிலும் சோதித்துப் பார்த்தார்கள். உலை 200 மெகாவாட்டில் ஓடும்போதே மின்சாரத்தைத் துண்டித்தார்கள். உலையின் வெப்பத்தை எடுத்துச் செல்லும் ஹீலியம் வாயுவைச் செலுத்தும் ஊதிகள் நின்றன. எரிபொருள் சூடேறினால் அதிலுள்ள யுரேனியம்-238 கூடுதல் நியூட்ரான்களை விழுங்கும், அதனால் தொடர்வினை தானே படுத்துவிடும். மிச்ச வெப்பம் கிராபைட் வழியாக உலைச் சுவருக்கு வந்து வெளியேறியது. எந்த பம்பின் உதவியும் இல்லாமல் உலை ஆறியது. வணிக அளவு உலையில் இப்படிச் செய்து காட்டியது இதுவே முதல் முறை.

இதற்குக் கொடுக்கும் விலையும் உண்டு. ஒரு கன மீட்டருக்கு இது தரும் வெப்பம் 3 மெகாவாட் போல. அதிக அழுத்தத்தில் இருக்கும் நீர் வெப்பத்தை எடுத்துச் செல்லும் வழக்கமான அழுத்த நீர் உலையில் அது 100 வரை போகும். அதனால் குறைந்த மின்சாரத்துக்கே பெரிய எஃகுக் கலன் தேவைப்படுகிறது, கழிவு உருண்டைகளும் அதிக இடம் பிடிக்கின்றன. கட்டுமானம் 2012 டிசம்பரில் தொடங்கியது, மின்தொகுப்பில் இணைய 2021 டிசம்பர் ஆகிவிட்டது. சீக்கிரம் கட்டலாம் என்ற பேச்சை நான் இப்போதைக்கு ஏற்க மாட்டேன்.

ஆனால் ஹீலியம் 750 டிகிரியில் வெளியே வருகிறது, அழுத்த நீர் உலையில் 330ஐத் தாண்டுவதே அரிது. மின்சாரம் மட்டுமல்ல, ஆலைகள் நிலக்கரி எரித்துப் பெறும் சூடான நீராவியையும் இதிலிருந்து எடுக்கலாம். ஜியாங்சு மாகாணத்தின் ஷூவெய்யில் பெட்ரோகெமிக்கல் ஆலைகளுக்கு அப்படி நீராவி கொடுக்கும் திட்டத்துக்கு 2024இல் அனுமதி கிடைத்திருக்கிறது.