கல்லீரலுக்குள் கொஞ்சம் துரு

வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்: “ஹீமோகுளோபின் 12.4, நார்மல். ஆனால் ஃபெரிட்டின் 9 என்று போட்டு, பக்கத்தில் ‘லோ’ என்று அச்சடித்திருக்கிறார்கள். ரத்தம் சரியாக இருக்கும்போது குறைந்தது என்ன?”

குறைந்தது இரும்பின் கையிருப்பு. ஃபெரிட்டின் என்பது செல்லுக்குள் இரும்பைச் சேமித்து வைக்கும் புரதம்; அதில் கொஞ்சம் ரத்தத்தில் கசியும், அந்த அளவு கையிருப்பைக் காட்டும். வளர்ந்தவர் உடம்பில் மொத்தமே 3, 4 கிராம் இரும்புதான் இருக்கும். அதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு ஹீமோகுளோபினில் வேலை பார்க்கிறது. மீதியில் பெரும்பகுதி கல்லீரல், மண்ணீரல், எலும்பு மஜ்ஜை செல்களில் சேமிப்பாகக் கிடக்கிறது. வரவு குறைந்தால் உடம்பு முதலில் சேமிப்பில்தான் கை வைக்கும். ஹீமோகுளோபின் இறங்குவது அதற்கும் பிறகுதான்.

இரும்பைச் சேமிப்பது சுலபமான காரியமில்லை. பள்ளியில் படித்த, இரும்பு அயனியின் இரண்டு வடிவங்களான ஃபெரஸ், ஃபெரிக் இரண்டையும் நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். ஃபெரஸ் நீரில் கரையும், ஆனால் செல்லில் எப்போதும் கொஞ்சம் இருக்கும் ஹைட்ரஜன் பெராக்சைடைச் சந்தித்தால் ஹைட்ராக்சில் ராடிக்கல் என்ற மூர்க்கமான மூலக்கூறுத் துணுக்கை உண்டாக்கும். செல் சவ்வின் கொழுப்பு, டிஎன்ஏ என்று எதிரில் பட்டதையெல்லாம் அது சிதைத்துவிடும். ஃபெரிக்கோ நீரில் கரையவே கரையாது, படிந்து உறைந்துவிடும். ஒன்று விஷம், இன்னொன்று கல்.

ஃபெரிட்டின் இரண்டுக்கும் ஒரே வழி கண்டிருக்கிறது. கல்லாகவே வைத்துக்கொள், ஆனால் உறைக்குள் வை. ஹெச், எல் என்ற இரண்டு வகைகளில் 24 புரதச் சங்கிலிகள் தாமாகவே கூடி, உள்ளே வெற்றிடமுள்ள ஓர் உருண்டையாகின்றன. வெளி விட்டம் 12 நானோமீட்டர், உள்ளே 8. அந்த இடத்தில் 4500 இரும்பு அணுக்கள் வரை அடங்கும்.

என்னைச் சொக்க வைப்பது அதன் வாசல். மும்மூன்று சங்கிலிகள் சந்திக்கும் இடங்களில் மெல்லிய துளைகள், மொத்தம் எட்டு. துளையின் சுவரில் ஆஸ்பார்டேட், குளுட்டமேட் என்ற அமினோ அமிலங்கள் எதிர் மின்சுமையோடு நிற்கின்றன. நேர் மின்சுமையுள்ள ஃபெரஸ் தானாக இழுபட்டு உள்ளே வருகிறது. வந்ததும் ஹெச் வகைச் சங்கிலியின் நடுவே ஓர் இருக்கையில் இரண்டு இரும்பு அயனிகள் அக்கம்பக்கமாக அமர்கின்றன. ஆக்ஸிஜன் மூலக்கூறு ஒன்று வந்து ஆளுக்கொரு எலக்ட்ரானைப் பிடுங்கிக்கொள்கிறது. இரண்டும் ஃபெரிக் ஆகிவிட்டன.

இங்கே ஒரு வேடிக்கை. அந்த வினையில் பிறப்பது ஹைட்ரஜன் பெராக்சைடு, எதற்குப் பயந்தோமோ அதுவேதான்! ஃபெரிட்டின் அதையும் வீணாக்குவதில்லை. அடுத்து வரும் ஃபெரஸை ஃபெரிக்காக மாற்ற அதில் பெரும்பகுதியைச் செலவழித்துவிடுகிறது. ஃபெரிக் உள்சுவருக்கு நகர்ந்து, எல் வகைச் சங்கிலிகளின் உதவியோடு தாதுவாகப் படிகிறது. அந்தத் தாது ஏறத்தாழ நம் வீட்டு ஜன்னல் கம்பியில் பிடிக்கும் துருவின் உறவுக்காரன்தான்.

தேவை வரும்போது என்சிஓஏ4 என்ற புரதம் உருண்டையைப் பிடித்து, செல்லின் செரிமானப் பையான லைசோசோமுக்கு இட்டுச் செல்லும். அங்கே உறை செரிந்து இரும்பு வெளிவரும்.

செக் விஞ்ஞானி விலெம் லாஃப்பெர்கர் 1937-ல் குதிரையின் மண்ணீரலிலிருந்து ஃபெரிட்டினைப் பிரித்தெடுத்தார். ரத்தத்தில் கசியும் சிறு அளவு ஃபெரிட்டினை நம்பகமாக அளக்கும் முறை 1972-ல்தான் வந்தது. நடுவில் 35 ஆண்டுகள்! ‘இதனால் மக்களுக்கு என்ன பயன்?’ என்று முதல் பக்கத்திலேயே கேட்கும் நம் ஆய்வு நிதி விண்ணப்பங்களில், குதிரை மண்ணீரலுக்கு ஒரு ரூபாய்கூடக் கிடைத்திருக்காது என்பது என் எண்ணம். பீட்ரூட் சிவப்பாக இருப்பதால் ரத்தம் ஊறும் என்ற நம்பிக்கைக்குத்தான் செலவே இல்லை. அந்தச் சிவப்பு பீட்டாலெய்ன் என்ற நிறமி, இரும்புக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை.

வாசகியின் 9-க்கு வருவோம். வளர்ந்தவர்களுக்கு லிட்டருக்கு 15 மைக்ரோகிராமுக்குக் கீழே போனால் பற்றாக்குறை என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஆகவே அந்த எண்ணை நம்பலாம், மருத்துவரைப் பாருங்கள். ஏமாற்றுவது எதிர்ப்பக்கம். காய்ச்சல், அழற்சி இருக்கும்போது உடம்பு கிருமிக்குக் கிடைக்காதபடி இரும்பைப் பதுக்கும், ஃபெரிட்டினும் எகிறும். அதனால் தொற்று இருப்பவருக்கு 70-க்குக் கீழே இருந்தாலே பற்றாக்குறை என்று சந்தேகப்படச் சொல்கிறார்கள். டெங்குக் காய்ச்சலிலிருந்து எழுந்த வாரத்தில் எடுத்த ரிப்போர்ட்டில் ‘நார்மல்’ என்று இருந்தால், காய்ச்சல் வந்ததையும் சேர்த்து மருத்துவரிடம் சொல்லுங்கள்.