டிஎன்ஏ சொல்லும் உறவும் மொய் நோட்டு சொல்லும் உறவும்

சின்னக் குழாய் ஒன்றில் எச்சிலைத் துப்பி டிஎன்ஏ பரிசோதனைக்கு அனுப்பிவிட்டால், சில வாரங்களில் கணினித் திரையில் ஒரு பட்டியல் வந்து நிற்கும். டர்பனில் ஒருவர், கோலாலம்பூரில் இருவர், கனடாவில் ஒருவர். ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில், உங்களோடு எவ்வளவு டிஎன்ஏ பொது என்ற எண்ணையும், 'முதல் கசின்' (தாத்தா பாட்டி ஒன்று), 'இரண்டாம் கசின்' (கொள்ளுத்தாத்தா ஒன்று) என்று உறவையும் போட்டிருப்பார்கள். தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறைப் பக்கம் பூர்வீகம் உள்ளவர்கள் அந்தப் பட்டியலில் உள்ள எண்ணை நம்பலாம். உறவுப் பெயரை அப்படியே நம்பக் கூடாது.

அந்த எண் எப்படி வருகிறது? ஆய்வகம் உங்கள் மரபணுத் தொகுதி முழுவதையும் படிப்பதில்லை. மனிதருக்கு மனிதர் மாறக்கூடியவை என்று ஏற்கெனவே தெரிந்த ஆறேழு லட்சம் இடங்களில் மட்டும் என்ன எழுத்து இருக்கிறது என்று பார்க்கிறது. பிறகு கணினி தன்னிடமுள்ள மற்ற எல்லோரோடும் உங்களை ஒப்பிட்டு, நீளமாக ஒத்துப்போகும் துண்டுகளைத் தேடுகிறது. பெற்றோரின் குரோமோசோம்கள் பிள்ளைக்கு அப்படியே இறங்குவதில்லை. கருமுட்டையோ விந்தணுவோ உருவாகும்போது, தாத்தாவிடமிருந்து வந்த பகுதியும் பாட்டியிடமிருந்து வந்த பகுதியும் வெட்டி மாற்றி ஒட்டப்படுகின்றன. நிலத்தை வைத்துச் சொன்னால் நம்மவர்களுக்குச் சட்டென்று விளங்கும். சர்வே எண் 112 ஒரு காலத்தில் ஒரே ஆள் கையில் இருந்தது. பாகம் பிரியப் பிரிய 112/1, 112/1ஏ, 112/1ஏ2 என்று உட்பிரிவு கூடித் துண்டு சிறுக்கிறது. இரண்டு பேர் பட்டாவிலும் 112 இருந்தால் மூலம் ஒன்று. துண்டு பெரிதாக இருந்தால் பிரிந்து அதிக காலமாகவில்லை. ஒரே வித்தியாசம், நிலத்தில் எல்லாத் துண்டும் யாராவது ஒரு வாரிசிடம் இருக்கும். டிஎன்ஏவில் ஒவ்வொரு தலைமுறையிலும் பாதி அந்தப் பிள்ளைக்கு வராமலே போய்விடும்.

துண்டின் நீளத்தைச் சென்டிமார்கன் என்ற அலகில் சொல்கிறார்கள். தாய்வழி, தந்தைவழி இரண்டையும் சேர்த்தால் ஒருவரிடம் இருப்பது ஏறத்தாழ 7,000 சென்டிமார்கன். ஒரே தாத்தா பாட்டியின் பேரப்பிள்ளைகளுக்குள் சராசரியாக எட்டில் ஒரு பங்கு பொதுவாக இருக்கும். கொள்ளுத்தாத்தா ஒருவர் என்றால் 32இல் ஒரு பங்கு, அதாவது 220 சென்டிமார்கன் அளவு. எள்ளுத்தாத்தாவில் சேர்கிறவர்களுக்கு 128இல் ஒரு பங்கு. அந்தத் தூரத்திலேயே பத்தில் ஒரு ஜோடிக்குக் கண்டுபிடிக்கும் அளவுக்குப் பொதுத் துண்டு எதுவும் இருக்காது. அதற்கும் ஒரு தலைமுறை மேலே போனால் ஏறக்குறைய பாதிப்பேருக்கு இருக்காது. 1880களில் கப்பலேறியவர் இன்று பலருக்கு எள்ளுத்தாத்தாவாகவோ அவருக்கு அப்பாவாகவோ இருப்பார் என்பதை இதோடு வைத்துப் பாருங்கள். கணினி 'உறவில்லை' என்று சொல்வதால் உறவில்லை என்று ஆகிவிடாது.

மேலே சொன்ன பின்னங்கள் எல்லாம் இரண்டு பேரை இணைக்கும் வழி ஒன்றே ஒன்றுதான் என்று வைத்துப் போட்ட கணக்கு. மாமன் மகளையும் அத்தை மகனையும் கட்டிக்கொடுத்த ஊரில் அது எப்படிச் செல்லும்? அண்ணன், தங்கை, தம்பி என்று மூன்று பேர் என்று வைத்துக்கொள்வோம். அண்ணன் மகனுக்குத் தங்கை மகளைக் கட்டிவைத்தார்கள். அவர்களுக்கு ஒரு பெண். தம்பி மலாயா போனார். அவருக்கு அங்கே ஒரு பேரன். இந்தப் பெண்ணும் அந்தப் பேரனும் கொள்ளுத்தாத்தாவில்தான் சேர்கிறார்கள், ஆனால் அவளுக்கு அவர் அப்பா வழியிலும் கொள்ளுத்தாத்தா, அம்மா வழியிலும் கொள்ளுத்தாத்தா. 32இல் ஒன்று இரண்டு முறை சேர்ந்து 16இல் ஒன்றாகிவிடுகிறது. கணினிக்கு மாமன், அத்தை முறையெல்லாம் தெரியாது. 440 சென்டிமார்கனைப் பார்த்துவிட்டு ஒரு தலைமுறை நெருக்கி எழுதிவிடுகிறது. அக்கா மகளைக் கட்டிய வீடு என்றால் குழப்பம் இன்னும் கூடும். அங்கே ஒரே மனுஷி பிள்ளைக்கு அப்பாயியாகவும் அம்மாவைப் பெற்றவளின் அம்மாவாகவும் இருப்பாள்.

நெருங்கிய முறையில் கல்யாணம் நடக்காத குடும்பங்களும் தப்புவதில்லை. தலைமுறை தலைமுறையாக ஒரே சாதிக்குள் பெண் கொடுத்துப் பெண் எடுத்ததால், எங்கோ பழங்காலத்தில் பிரிந்த சின்னச் சின்னத் துண்டுகள் எல்லோரிடமும் சிதறிக் கிடக்கின்றன. தெற்காசியாவின் 263 குழுக்களை எடுத்துப் பார்த்த ஓர் ஆய்வு 2017இல் நேச்சர் ஜெனெடிக்ஸ் இதழில் வந்தது. அவற்றில் 81 குழுக்களின் முன்னோர் வட்டம், இதற்குப் பேர்போன அஷ்கெனாசி யூதர்களுடையதைவிடவும் ஃபின்லாந்துக்காரர்களுடையதைவிடவும் குறுகலாக இருந்தது. ஆகவே மொத்தக் கூட்டுத்தொகையைவிட, மிக நீளமான ஒற்றைத் துண்டு எவ்வளவு என்று பாருங்கள். மொத்தம் 90 சென்டிமார்கன், அதிலேயே ஒரு துண்டு 45 என்றால் கிட்டத்து உறவாக இருக்க வாய்ப்புண்டு. ஒன்பது ஒன்பதாகப் பத்துத் துண்டு சேர்ந்து 90 என்றால் அது பெரும்பாலும் சாதிக்குள் சுற்றிய பழைய பாக்கி. இன்னொன்று, பரிசோதனையை நீங்கள் செய்துகொள்வதைவிட வீட்டில் மூத்தவர் செய்துகொள்வது மேல். பாட்டி ஒரு தலைமுறை மேலே. அவரிடமிருந்த துண்டுகளில் சரிபாதிதான் உங்கள் அப்பாவுக்கோ அம்மாவுக்கோ இறங்கியிருக்கும்.

ஆண்வழி இந்தச் சிக்கலிலிருந்து தப்புகிறது. ஒய் குரோமோசோம் அப்பாவிடமிருந்து மகனுக்கு, பெரும்பகுதி வெட்டுப்படாமல், அப்படியே போகிறது. நம் ஊரில் குலதெய்வமும் அதே பாதையில்தான் போகிறது. கல்யாணமான பெண் புகுந்த வீட்டுச் சாமிக்கு மாறிவிடுவாள், மகன் மாறமாட்டான். குடும்பம் கும்பகோணத்துக்கோ சென்னைக்கோ போய் மூன்று தலைமுறை ஆனாலும் மொட்டையடிக்கவும் காது குத்தவும் அதே கோயிலுக்குத்தான் வரும். அங்கே கூடும் பங்காளிகள் எல்லோரும் கணக்குப்படி ஒரே ஒய் குரோமோசோமைச் சுமப்பவர்கள். ஒய் ஒத்துப்போனால் உடனே பங்காளி என்று திருப்பிச் சொல்ல முடியாது, அந்த ஒற்றுமை ஆயிரக்கணக்கான ஆண்டு பழையதாகவும் இருக்கலாம். குலதெய்வமும் ஊர்ப்பெயரும் சேர்ந்து ஒத்துப்போனால்தான் அதற்கு மதிப்பு.

மரபணு எவ்வளவு சொந்தம் என்று சொல்லும். யார் வழியில், எந்த ஊரில் என்று சொல்லாது. அதற்குக் காகிதம் வேண்டும். எல்லாம் நஞ்சை நிலத்தைச் சுற்றியே நடந்த பகுதி என்பதால், காவிரிப் படுகைக் குடும்பங்களின் வம்சாவளி பாகப்பிரிவினைப் பத்திரத்தில்தான் இருக்கிறது. 'காலஞ்சென்ற இன்னார் குமாரர் இன்னார்' என்று தொடங்கி, சொத்து பிதுரார்ஜிதமாக எப்படி வந்தது என்று சொல்லும்போதே மூன்று தலைமுறை ஆண்கள் வரிசையாக வந்துவிடுவார்கள். ஆண்கள்தான். தமிழ்நாட்டில் மகள்களுக்கும் பரம்பரைச் சொத்தில் பங்கு உண்டு என்று சட்டம் வந்ததே 1989இல்தான். அதற்கு முந்தைய பத்திரங்களில் அத்தைகள் பெரும்பாலும் இருக்கமாட்டார்கள்.

அத்தைகளைத் தேட வேண்டிய இடம் மொய் நோட்டு. ஊர், பெயர், தொகை என்று மூன்று பத்தி. 'திருத்துறைப்பூண்டி சின்னத்தை வீடு, 11 ரூபாய், வேட்டி துண்டு' என்று ஒரு வரி. அந்த ஒரு வரியில் கட்டிக்கொடுத்த ஊர் இருக்கிறது, உறவுமுறை இருக்கிறது, அந்த வருஷம் வரை போக்குவரத்து இருந்தது என்பதற்கு அத்தாட்சியும் இருக்கிறது. பரணில் கிடக்கும் பழைய நோட்டுகளைக் கரையான் தின்பதற்குள் கைபேசியில் படமெடுத்துவிடுவது, எச்சில் குழாய்க்குக் காசு கட்டுவதைவிட உருப்படியான வேலை என்பேன்.

கடல் கடந்தவர்கள் பக்கமும் காகிதம் உண்டு. 1860 முதல் 1911 வரை தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்கள் 1,52,184 பேர். மூன்றில் இரண்டு பங்கினர் சென்னைத் துறைமுகம் வழியாகப் போனவர்கள். ஒவ்வொருவருக்கும் ஓர் எண். அதோடு பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உயரம், தழும்பு இருந்தால் அது எந்த இடத்தில் என்பது வரை கப்பல் பட்டியலில் ஏறியது. மொரிஷியஸ் போனவர்களின் ஏடுகள் அங்கே மோக்காவிலுள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் இருக்கின்றன. நாகப்பட்டினத்தில் ஏறி மலாயாத் தோட்டத்துக்குக் கங்காணியோடு போனவர்களுக்கு இப்படி ஆளுக்கொரு விவரமான வரி கிடைப்பது அரிது. அங்கே மொய் நோட்டும் பழைய கடிதங்களும்தான் கதி.

ஊர்ப்பெயரைப் படிக்கும்போது நிதானம் வேண்டும். எழுதிய குமாஸ்தா காதில் விழுந்ததை ஆங்கிலத்திலோ பிரெஞ்சிலோ எழுதினான். தென்னாப்பிரிக்காவில் முதலி 'மூட்லி' ஆனதும் கவுண்டர் 'கோவெண்டர்' ஆனதும் அப்படித்தான். நல்லூர், பூண்டி, கீழையூர் என்ற பெயரில் எத்தனையோ ஊர்கள் உண்டு, தாலுகாதான் வழிகாட்டும். பட்டியலில் 'மாயவரம் தாலுகா, தஞ்சாவூர் ஜில்லா' என்று இருந்தால் இன்று அது மயிலாடுதுறை மாவட்டம். அதை 2020இல்தான் நாகப்பட்டினத்திலிருந்து தனியாகப் பிரித்தார்கள். காகிதம் இல்லாத இடத்தில் சாமியும் துப்புக் கொடுக்கும். கரீபியன் கடலில் மார்த்தினிக், குவாதலூப் தீவுகளில் தமிழ் வம்சாவளியினர் மாரியம்மனோடும் மதுரை வீரனோடும் 'நாகூர் மீரா'வையும் கும்பிட்டுக் கொடிமரம் நடுகிறார்கள். காரைக்காலில் கப்பலேறியவர்கள் பக்கத்து ஊர் ஆண்டவரிடம் வேண்டிக்கொண்டு போனதில் ஆச்சரியம் என்ன?

எச்சிலை அனுப்புமுன் ஒன்றை யோசித்துக்கொள்ளுங்கள். நீங்கள் கொடுப்பது உங்கள் தகவல் மட்டுமல்ல, உடன்பிறந்தவர், பெரியப்பா பிள்ளை எல்லோருடையதும். 2023இல் 23அண்ட்மீ என்ற டிஎன்ஏ பரிசோதனை நிறுவனத்திலிருந்து சுமார் 69 லட்சம் பேரின் விவரங்கள் திருடுபோயின. திருடியவர்கள் நேரடியாக நுழைந்த கணக்குகள் சுமார் 14,000தான். மற்றவர்கள் உறவுப் பட்டியல் வழியாக அகப்பட்டவர்கள். அப்பாவுக்குச் சொல்லப்படாத ஒரு மகன், தத்துக்கொடுத்த ஒரு பெண் என்று வீட்டில் மூடிவைத்திருந்ததும் இதில் வெளியே வரும்.

இவ்வளவும் ஒத்துப்போய், பட்டியலில் வந்த ஆளுக்கு எழுத உட்கார்ந்தால், 'நாம் எப்படிச் சொந்தம்?' என்று கேட்காதீர்கள், அவருக்கும் தெரியாது. கப்பலில் போனவரின் எண், தாலுகா, வீட்டில் கும்பிடும் சாமி இந்த மூன்றையும் கேளுங்கள். வெளிநாட்டிலிருந்து ஊருக்கு எழுதுகிறவர்கள் முதல் வரியிலேயே நிலத்தில் பங்கு கேட்டு வரவில்லை என்று சொல்லிவிடுவது நல்லது. அதைச் சொல்லாத கடிதத்துக்கு எங்கள் பக்கத்தில் வக்கீலைப் பார்த்த பிறகுதான் பதில் போடுவார்கள்.