குவாரன்டீன்: தனிமையா, தடைக்காப்பா?

2020-இல் வீட்டுக் கதவில் ஒட்டிய தாளில் ‘தனிமைப்படுத்தப்பட்ட வீடு’ என்று இருந்ததே, நினைவிருக்கிறதா? காய்ச்சலில் கிடந்தவர் வீட்டிலும் அதே தாள்தான், வெளிநாட்டிலிருந்து வந்து ஒரு தும்மல்கூட இல்லாமல் உட்கார்ந்திருந்தவர் வீட்டிலும் அதே தாள்தான். நோய் உறுதியானவரைப் பிரித்து வைப்பது ஐசொலேஷன். தொற்றியிருக்குமோ என்ற சந்தேகத்தில் ஆளையோ கப்பலையோ நிறுத்தி வைப்பது குவாரன்டீன். இரண்டுக்கும் ஒரே சொல்லைப் போட்டுவிட்டோம்.

‘குவாரன்தேனா’ வெனிஸ்காரர்களின் சொல், நாற்பது நாள் என்று பொருள். அதற்கு முன்பே, 1377-இல், இன்று குரோஷியாவில் டுப்ரோவ்னிக் எனப்படும் ரகூசா துறைமுக நகரம் கொள்ளைநோய்ப் பகுதியிலிருந்து வருகிறவர்கள் 30 நாள் வெளியே காத்திருக்கவேண்டும் என்று சட்டம் போட்டது. யாரையும் கேட்டுப் போட்டதல்ல. என் துறைமுகம், என் முடிவு.

துறைமுகத்துக்கு ஒரு விதி என்றால் வணிகம் எப்படி நடக்கும்? 1851-இல் 12 நாடுகள் பாரிசில் கூடின, நாட்டுக்கு ஒரு மருத்துவர், ஒரு தூதர். காலரா தொற்றுகிற நோயா என்பதிலேயே ஒத்துப்போகவில்லை! இன்று நடப்பில் உள்ள 2005-ஆம் ஆண்டின் உலகச் சுகாதார விதிமுறைகளும் நாடுகளின் இறையாண்மையை ஒப்புக்கொள்கின்றன. போக்குவரத்தைப் பெரிதாகத் தடுத்தால் 48 மணி நேரத்துக்குள் உலகச் சுகாதார நிறுவனத்துக்குக் காரணத்தோடு தெரிவிக்கவேண்டும், அவ்வளவுதான். மீறினால் தண்டனை கிடையாது. 2021 நவம்பரில் கொரோனாவின் ஒமிக்ரான் வகையைத் தென்னாப்பிரிக்கா ஒளிக்காமல் அறிவித்ததும் பல நாடுகள் விமானங்களை நிறுத்தின, உண்மை சொன்னதற்குக் கிடைத்த பரிசு.

நம் பக்கத்தில், ராமேஸ்வரம் அருகே மண்டபம் என்ற ஊரில் இருந்த முகாம் வேறுவகை. இலங்கைக்குத் தோட்ட வேலைக்குப் போகிறவர்களை அன்றைய இலங்கை அரசு தன் கரையில் அல்ல, இந்தியக் கரையிலேயே முகாம் நடத்தி நிறுத்திச் சோதித்தது. காலனி ஆட்சியில்தான் இப்படியெல்லாம் முடியும்.

சரி, தமிழில் என்ன சொல்வது? ‘தொற்றொதுக்கம்’ என்று ஒன்று உண்டு, எனக்குப் பிடிக்கவில்லை. ஒதுக்குவது என்றாலே நம் ஊரில் தீட்டு வாசனை அடிக்கிறது. தடுப்புக்காவல் என்றால் போலீஸ் வந்துவிடும். இலங்கையில் பயிர்களுக்கு எழுதும் ‘தொற்றுத் தடைக்காப்பு’ நல்ல சொல்: தடை போடுவது ஓர் அரசு தனியாகச் செய்யக்கூடியது, காப்புக்கு அடுத்த நாடும் வேண்டும், இரண்டும் ஒரே சொல்லில் இருக்கின்றன. அதனால் எழுதும்போது நோயாளிக்குத் தனிமைப்படுத்தல், சந்தேகத்தில் நிற்பவருக்குத் தடைக்காப்பு என்று பிரித்துக்கொள்கிறேன். பேச்சில் என்னவோ இன்னும் குவாரன்டீன்தான் வாயில் வருகிறது.