காய்ப்பு ஏறிய விரலுக்கும் ஒரு கருவி வேண்டும்

மலேசியாவில், சுங்கை சிப்புட் பக்கம் ஒரு பாட்டி. முப்பது வருடத்துக்கு மேல் ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டியவர், இனிப்பு நீர் (நீரிழிவு) முற்றி இரண்டு கண்ணும் போய்விட்டது. பார்வையற்றவர்களுக்குத் தொடுகருவி வடிவமைப்பது என் தொழில். மருந்து வேளை வந்ததும் அதிரும் மாத்திரைப் பெட்டி ஒன்று செய்து, மூடிகளில் விரலால் தடவிப் படிக்கும் பிரெயில் புள்ளிகளும் வைத்து, அவர் கையில் கொடுத்தேன். பெட்டி அதிர்ந்துகொண்டே இருக்கிறது, பாட்டி அதைப் பிடித்தபடியே "எப்ப தம்பி ஆடும்?" என்று கேட்கிறார்.

இனிப்பு நீர் கண்ணை மட்டும் தொடுவதில்லை, நரம்பையும் அரிக்கும். டாக்டர்கள் தட்டினால் அதிரும் 128 ஹெர்ட்ஸ் இசைக்கவையைக் கால் விரலில் வைத்துச் சோதிப்பது ஏன் தெரியுமா? நரம்பு கெடும்போது அதிர்வை உணரும் சக்தி பெரும்பாலும் முன்கூட்டியே குறையத் தொடங்கிவிடும். காலில் ஆரம்பிப்பது நாளடைவில் கைக்கும் வரலாம். நான் நம்பியிருந்ததோ அதே அதிர்வைத்தான். அதோடு கத்தி பிடித்துப் பிடித்துக் காய்ப்பு ஏறிய தோல் வேறு. பிரெயில் புள்ளியின் உயரம் சுமார் அரை மில்லிமீட்டர், இரண்டு புள்ளிக்கு நடுவே சுமார் 2.5 மில்லிமீட்டர். அந்த விரலுக்கு அது வெறும் சொரசொரப்பு.

பிரெயிலை நான் குறை சொல்லவில்லை. 1829-இல் லூயி பிரெயில் வெளியிட்ட அந்த ஆறு புள்ளி முறையில் இன்றைக்குத் தமிழும் எழுதலாம், பார்வையற்ற பிள்ளைகள் கட்டாயம் கற்க வேண்டும். ஆனால் நம் தோட்டப்புறத்தில் நான் சந்திப்பவர்களில் பலர் ஐம்பது அறுபது வயதில் பார்வை இழந்தவர்கள், அவர்களுக்கும் அதே புள்ளியை ஒட்டிக் கொடுத்துவிட்டு வேலை முடிந்தது என்று நாம் எழுந்துவிடக் கூடாது.

இன்னொன்று, தடவிப் பார்ப்பது வேறு, அழுத்துவது வேறு. பார்க்க முடியாதவர் முதலில் தடவித்தான் இடத்தைக் கண்டுபிடிப்பார். 2009-இல் ஐபோனில் வந்த, திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லும் வாய்ஸ்ஓவர் இதைச் சரியாகப் பிடித்தது: ஒரு முறை தொட்டால் பெயரைச் சொல்லும், இரண்டு முறை தட்டினால்தான் வேலை செய்யும். வீட்டில் இருக்கும் வழவழப்பான துணி துவைக்கும் இயந்திரமும் மின் அடுப்பும் பல சமயம் விரல் பட்டதுமே ஓடத் தொடங்கிவிடும். அப்பா அம்மாவுக்கு வாங்கும்போது கடையிலேயே கண்ணை மூடித் தடவிப் பாருங்கள். திருகும் குமிழ் உள்ளதாக எடுங்கள், அது எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று கையே சொல்லிவிடும்.

பாட்டி வீட்டில் எனக்குப் பாடம் சொன்னது அவருடைய சமையலறை அலமாரி. மிளகாய்த்தூள் போத்தலுக்கு ஒரு ரப்பர் வளையம், மல்லித்தூளுக்கு இரண்டு, உப்புக்கு ஒரு துணி முடிச்சு. யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. அப்புறம்தான் பெட்டியை மாற்றினேன். புள்ளிகளை எடுத்துவிட்டுக் காலை மூடியில் விரல் தடிமனுக்கு ஒரு வரம்பு, இரவு மூடியில் இரண்டு. அதிர்வுக்குப் பதில் தமிழில் ஒரு குரல். திறக்க ஒரு நெம்புகோல், அதை நன்றாகத் தள்ளினால் 'டக்' என்று விழும், தோலுக்குத் தெரியாவிட்டாலும் மணிக்கட்டுக்குத் தெரியும்.

போன மாதம் தானே திறந்து மாத்திரையை எடுத்தார். எடுத்த கையோடு, "நெம்புகோல இன்னும் கொஞ்சம் பெருசா செஞ்சு கொண்டா தம்பி, ராத்திரி சமைச்ச கையில எண்ணெ இருக்கும், வழுக்குது" என்றார்.