சந்தா கட்டியவர் எல்லாம் உறுப்பினர் ஆகிவிடுவதில்லை: கலைஞர் சங்கத்தில் உங்கள் பெயரை உறுதி செய்வது எப்படி

கையில் சங்க அடையாள அட்டை இருக்கும். சந்தா ரசீதுகள் ஒரு கட்டு இருக்கும். ஆனால் தேர்தல் அன்று போய் நின்றால், "பட்டியலில் உங்க பேர் இல்லையேம்மா" என்பார்கள். இருபது வருஷம் மேடையேறிய கரகாட்டக் கலைஞரும், தவில்காரரும், நாடக நடிகரும் அந்த ஒரு சொல்லில் வெளியே நிற்கிறார்கள். அட்டையையும் ரசீதையும் மட்டும் நம்பி, சங்கத்தின் பதிவேட்டை ஒரு தடவைகூடப் பார்க்காமல் விடுவதுதான் இதற்குக் காரணம்.

சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975, அதற்கான விதிகள் 1978. சங்கம் தொடங்க ஏழு பேர் போதும். நிர்வாகக் குழுவில் மூன்று பேருக்குக் குறையக் கூடாது. குழுவின் பதவிக்காலம் மூன்று ஆண்டுக்கு மேல் போகக் கூடாது. மறுபடி தேர்ந்தெடுக்கப்படலாம், தேர்தலே நடத்தாமல் தொடர முடியாது. ஆண்டுக்கு ஒரு முறை பொதுக்குழு கூட்ட வேண்டும், கணக்கைத் தணிக்கை செய்து மாவட்டப் பதிவாளரிடம் தாக்கல் செய்ய வேண்டும். உறுப்பினர் பதிவேடு வைத்திருப்பது கட்டாயம்.

முதலில் பதிவு எண்ணைப் பாருங்கள்

லெட்டர்பேடில் "பதிவு எண்" என்று போட்டிருப்பதை வைத்து எல்லாமே ஒரே மாதிரிச் சங்கம் என்று நினைக்க வேண்டாம். சில சங்கங்கள் தொழிற்சங்கமாகப் பதிவாகியிருக்கும். அதன் புகார் தொழிலாளர் துறைக்குப் போக வேண்டும். சில, அறக்கட்டளைப் பத்திரம் எழுதிவிட்டுச் சங்கம் என்ற பெயரில் நடக்கும். அங்கே உங்களுக்கு ஓட்டே கிடையாது, அறங்காவலர்கள் வைத்ததுதான் முடிவு. இதைப் பார்க்காமல் மனு எழுதினால், ஆறு மாதம் கழித்து "இது எங்கள் அலுவலக வரம்பில் வராது" என்று ஒரு வரியில் பதில் வரும். பதிவுச் சான்றிதழின் நகலைக் கேளுங்கள். எந்தச் சட்டம், எந்த அலுவலகம், எந்த ஆண்டு என்று மூன்றும் அதிலேயே இருக்கும்.

இனி சொல்வதெல்லாம் 1975 சட்டத்தின் கீழ் பதிவான சங்கங்களுக்கு.

பெயர் விழாமல் போவது எங்கே

கிராமியக் கலைகளில் அதிகம் அடிபடுவது செட்டில், அதாவது குழுவாக, ஆடுகிறவர்கள்தான். எட்டுப் பேர் கொண்ட செட்டுக்குத் தலைவர் ஒருவர் மொத்தமாகச் சந்தா கட்டுவார். ரசீது அவர் பெயருக்கு எழுதப்படும், பதிவேட்டிலும் அவர் பெயர் மட்டும் ஏறும். மற்ற ஏழு பேரும் தாங்களும் உறுப்பினர் என்றே நம்பிக்கொண்டிருப்பார்கள். அந்த ஏழில் பெண்கள்தான் அதிகம் இருப்பார்கள். தலைவரோடு மனத்தாங்கல் வந்து வேறு செட்டுக்குப் போகிற அன்றுதான் உண்மை தெரியவரும். ஒவ்வொருவர் பெயரிலும் தனி ரசீது, ரசீதில் எண், தேதி, எந்த ஆண்டுக்கான சந்தா என்ற விவரம், பொருளாளர் கையெழுத்து வேண்டும். இந்த நான்கில் ஒன்று குறைந்தாலும் அந்தச் சீட்டு பிறகு உதவாது. செயலாளரின் சொந்த ஜிபே எண்ணுக்குப் பணம் போட்டுவிட்டு ஸ்கிரீன்ஷாட் வைத்திருப்பவர்கள், அதற்கும் சங்க ரசீது கேட்டு வாங்குங்கள். "அது கைமாத்தா வாங்கினது" என்று பிறகு சொல்லிவிட்டால் அதை மறுப்பது கடினம்.

அடுத்த சிக்கல் மேடைப்பெயர். ஊரே உங்களை ஒரு பெயரில் அழைக்கும், நோட்டீஸில் ஒரு பெயர் அடித்திருப்பார்கள், ஆதார் அட்டையில் பிறந்தபோது வைத்த பெயர் இருக்கும். பதிவேட்டில் மேடைப்பெயரை மட்டும் எழுதிவிட்டால், நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரிய விண்ணப்பத்தில் "பெயர் பொருந்தவில்லை" என்று திருப்பிவிடுவார்கள். பதிவேட்டில் ஆதார் பெயரை எழுதி, "என்கிற" என்று போட்டு மேடைப்பெயரையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள். ஏற்கெனவே தவறாக ஏறியிருந்தால் திருத்தக் கோரி எழுத்தில் கொடுங்கள். வாயால் சொன்ன திருத்தம் பதிவேட்டுக்குப் போய்ச் சேராது.

மூன்றாவது, உறுப்பினர் வகை. ஆயுள் உறுப்பினர், தொழில்முறை உறுப்பினர், இணை உறுப்பினர், கௌரவ உறுப்பினர் என்று சங்கத்தின் சொந்த விதிகளான துணைவிதியில் பல வகை இருக்கும். எல்லோருக்கும் அட்டை ஒன்று போலவே இருக்கும். ஓட்டு மட்டும் சில வகைக்குத்தான். வருடத்தில் இத்தனை நிகழ்ச்சி செய்யாதவரை ஓட்டில்லாத வகைக்கு மாற்றலாம் என்று துணைவிதியில் ஒரு வரி இருந்தால், தேர்தலுக்கு முன்னால் அதை எடுத்துப் பயன்படுத்துவார்கள். இது சின்னச் சங்கங்களின் பிரச்சினை மட்டும் இல்லை. தென்னிந்திய நடிகர் சங்கத்தின் 2019 தேர்தலில், ஓட்டுரிமைப் பட்டியலிலிருந்து தங்களை நீக்கிவிட்டதாக 61 பேர் கொடுத்த புகாரில் பதிவாளர் தேர்தலை நிறுத்த உத்தரவிட்டார். உயர் நீதிமன்றம் ஓட்டுப்பதிவுக்கு அனுமதி தந்து, எண்ணுவதை நிறுத்தி வைத்தது. ஜூன் 2019-இல் போட்ட ஓட்டு 2022 மார்ச்சில்தான் எண்ணப்பட்டது. அங்கே வழக்கறிஞர் வைக்க முடிந்தவர்கள் இருந்தார்கள். திருவிழா சீசனில் மட்டும் வருமானம் பார்க்கிற ஒரு கூத்துக் கலைஞரால் அப்படி இரண்டே முக்கால் வருஷம் கோர்ட்டுக்கு நடக்க முடியுமா?

சந்தா பாக்கியும் ஓட்டைப் பறிக்கும். பாக்கி வைத்தால் உறுப்புரிமை தானாகப் போய்விடும் என்று சில துணைவிதிகளில் இருக்கிறது. சில இடங்களில் சந்தாவை வாங்காமலே இழுத்தடிப்பார்கள்: "அப்புறம் பாத்துக்கலாம்ணே." கடைசி நாள் தாண்டியதும் பாக்கிதாரர் என்று எழுதிவிடுவார்கள். அவர்கள் வாங்கவில்லையென்றால் சங்கத்தின் பெயருக்கு மணியார்டர் அனுப்புங்கள், அல்லது சங்க வங்கிக் கணக்கில் நேரடியாகக் கட்டுங்கள். திருப்பி அனுப்பினாலும் அந்த மணியார்டர் சீட்டு நீங்கள் கட்ட முயன்றதற்குச் சான்று.

பொதுக்குழுவில் கையெழுத்து

பங்குனி, சித்திரையில் பொதுக்குழு வைத்தால் பாதிப் பேர் இரவு நிகழ்ச்சி முடிந்து எங்கோ வேனில் வந்துகொண்டிருப்பார்கள். எல்லோருக்கும் தெரிந்த இந்த விஷயம் அழைப்பு அனுப்புகிறவருக்கும் தெரியும். துணைவிதியில் அழைப்புக்கு எத்தனை நாள் அவகாசம், தபாலா கையில் கொடுப்பதா, எத்தனை பேர் வந்தால் கூட்டம் செல்லும் என்பதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப் குழுவில் போட்ட செய்தி மட்டுமே அழைப்பு என்றால், துணைவிதி அதை ஒப்புக்கொள்கிறதா என்று பாருங்கள்.

வருகைத் தாளில் கையெழுத்துப் போடும்போது தாளின் தலைப்பைப் படியுங்கள். "இன்ன தேதி, இன்ன இடம், பொதுக்குழு வருகை" என்று மேலே எழுதியிருக்க வேண்டும். தலைப்பு இல்லாத வெள்ளைத்தாளில், சாப்பாட்டு டோக்கனுக்காக என்று வாங்கும் கையெழுத்து, பிறகு தீர்மானத்துக்கு ஒப்புதலாக மாறிவிடும். மேலே இடம் காலியாக இருந்தால் நீங்களே தேதியை எழுதிவிட்டுக் கையெழுத்திடுங்கள். கைநாட்டு வைப்பவர்களோடு இன்னொரு உறுப்பினர் பக்கத்தில் நின்று படித்துக் காட்டட்டும்.

துணைவிதியைத் திருத்துவது சாதாரணத் தீர்மானத்தில் முடியாது. 21 நாள் முன்னறிவிப்போடு கூட்டிய கூட்டத்தில், வந்து ஓட்டளித்தவர்களில் நான்கில் மூன்று பங்கு ஆதரவு வேண்டும். அந்தத் திருத்தம் மாவட்டப் பதிவாளரிடம் பதிவாகவும் வேண்டும். "போன மாசமே விதியை மாத்திட்டோம்" என்று யாராவது சொன்னால், பதிவான நகலைக் காட்டச் சொல்லுங்கள். காட்டாதவரை பழைய விதிதான் விதி.

பதவிக்காலம் முடிந்த நிர்வாகிகளும் படிவம் 7-ம்

நிர்வாகக் குழுவில் மாற்றம் வந்தால் படிவம் 7-இல் எழுதி மூன்று மாதத்துக்குள் மாவட்டப் பதிவாளரிடம் தாக்கல் செய்ய வேண்டும். நிறையச் சங்கங்கள் இதைச் செய்வதில்லை. தேர்தல் நடக்கும், மாலை போடுவார்கள், பேனர் வைப்பார்கள், படிவம் மட்டும் போகாது. அலுவலகக் கோப்பில் பத்து வருஷத்துக்கு முந்தைய செயலாளரே இன்னும் இருப்பார், அவர் காலமாகியும் இருக்கலாம். இதில் நட்டப்படுவது உறுப்பினர்தான். இப்போதைய செயலாளர் கையெழுத்திட்டுக் கொடுத்த சான்றை யாராவது சரிபார்த்தால் அந்தப் பெயரே கோப்பில் இருக்காது. வங்கியும் கையெழுத்தை மாற்றித் தராது. பல ஆண்டுத் தாக்கல் நிலுவை என்றால் அபராதம், தாமதத்தை மன்னிக்கக் கோரும் மனு என்று வேலை நீளும். உங்கள் சங்கம் கடைசியாக எந்த ஆண்டுக்குத் தாக்கல் செய்தது என்ற ஒரே கேள்வியைப் பொதுக்குழுவில் எழுந்து கேளுங்கள்.

அலுவலக அலைச்சல்

நிலப் பத்திரம் பதிகிற சார்பதிவாளர் அலுவலகத்தில் போய் நிற்காதீர்கள். சங்கக் கோப்புகள் மாவட்டப் பதிவாளர் (நிர்வாகம்) அலுவலகத்தில் இருக்கும். அங்கே போனால் முதலில் வரும் பதில், "இது சங்கத்தோட உள்விவகாரம், கோர்ட்டுக்குப் போங்க." இதில் பாதி உண்மை. எந்தத் தேர்தல் செல்லும், யார் உண்மையான தலைவர் என்று தீர்ப்புச் சொல்லப் பதிவாளருக்கு அதிகாரம் இல்லை. அது உரிமையியல் நீதிமன்றத்தின் வேலை. ஆனால் கோப்பில் உள்ள ஆவணத்தைப் பார்க்கவும், கட்டணம் கட்டிச் சான்றிட்ட நகல் வாங்கவும் நீதிமன்றம் போக வேண்டியதில்லை. சட்டம் அதை அனுமதிக்கிறது. அலுவலர் அலைக்கழித்தால், அதே நகல்களைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ₹10 நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி அந்த அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலரிடம் கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். சங்கத்திடம் இந்தச் சட்டத்தில் கேட்டால் பெரும்பாலும் கிடைக்காது. அலுவலகக் கோப்பில் இருப்பதைத்தான் கேட்க வேண்டும்.

சங்கத்தின் செயல்பாடு, நிதிநிலை பற்றி விசாரணை நடத்தப் பதிவாளருக்கு 36-ஆம் பிரிவு அதிகாரம் தருகிறது. உறுப்பினர்களில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாதவர்கள் கையெழுத்திட்டால் அதன்படி விசாரணை கேட்கலாம். 300 பேர் சங்கத்தில் 100 கையெழுத்து. இங்கேதான் பலரும் சிக்குகிறார்கள்: கையெழுத்துப் போட்டவர்கள் உறுப்பினர்களே இல்லை என்று சங்கம் பதில் கொடுக்கும், உறுப்பினர் என்று நிரூபிக்கச் சங்கத்தின் பதிவேடே வேண்டும், அது அவர்கள் கையில் இருக்கும். அதனால் மனு எழுதும் முன்பே முந்தைய ஆண்டுகளில் தாக்கலான ஆவணங்களின் சான்றிட்ட நகலை வாங்கி, ரசீதுகளோடு இணைத்து, ஒவ்வொரு கையெழுத்துக்கும் எதிரே உறுப்பினர் எண்ணை எழுதுங்கள். வெறும் கையெழுத்துப் பட்டியல் மேசையிலேயே கிடக்கும்.

எந்த மனுவையும் கையில் மட்டும் கொடுத்துவிட்டு வராதீர்கள். தபால் பிரிவில் கொடுத்து உங்கள் நகலில் தேதி முத்திரை வாங்குங்கள், அல்லது ஒப்புகை வரும்படி தபாலில் அனுப்புங்கள்.

சங்கத்திலிருந்து நீக்கினால் காரணம் கேட்கும் கடிதம், பதில் சொல்ல அவகாசம், தீர்மானம் மூன்றும் இருக்க வேண்டும். இவை இல்லாத நீக்கத்தை உரிமையியல் நீதிமன்றத்தில் எதிர்க்கலாம். தேர்தலுக்கு முன்னால் போவது நல்லது. முடிந்த பிறகு போனால் வருஷக்கணக்கில் இழுக்கும். செலவை நினைத்துப் பின்வாங்க வேண்டாம். மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கும், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமான வரம்பு பார்க்காமலே இலவச வழக்கறிஞர் கிடைப்பார். அலுவலகம் மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே இருக்கும்.

சங்க அட்டை வேறு, வாரிய அட்டை வேறு

நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியத்தில் தனியாகப் பதிய வேண்டும். சங்கத்தில் சேர்ந்துவிட்டால் வாரியத்திலும் சேர்ந்தாயிற்று என்று சொல்லிப் பணம் வாங்குகிறவர்களிடம் வாரியப் பதிவு எண்ணைக் கேளுங்கள். நலிந்த கலைஞர்களுக்கான மாதம் ₹3,000 நிதியுதவி இயல் இசை நாடக மன்றம் வழியாக வருவது. சங்கத் தலைவரால் அதைத் தரவும் முடியாது, தடுக்கவும் முடியாது. கலைமாமணியும் அப்படித்தான். கலை பண்பாட்டுத் துறையின் மாவட்ட விருதுகள் வயதுப்படி பிரிந்தவை: 18 வரை கலை இளமணி, 19 முதல் 35 கலை வளர்மணி, 36 முதல் 50 கலைச் சுடர்மணி, 51 முதல் 65 கலை நன்மணி, 66-உம் அதற்கு மேலும் கலை முதுமணி. இதே போன்ற பெயரில் சங்கம் தருகிற பட்டம் அரசு விருது ஆகாது. அந்தப் பட்டத்துக்குப் "பங்களிப்புத் தொகை" கேட்டால் கொடுக்காதீர்கள்.

சங்கச் செயலாளருக்கு இப்போதே அனுப்ப வேண்டிய கடிதம் இது. தேர்தல் அறிவிப்பு வரும்வரை காத்திருக்காதீர்கள்:

"ஐயா, நான் உறுப்பினர் எண் ___, சேர்ந்த நாள் ___. உறுப்பினர் பதிவேட்டில் என் பெயர், முகவரி, உறுப்பினர் வகை, ஓட்டுரிமை உண்டா இல்லையா, சந்தா எந்த மாதம் வரை வரவாகியுள்ளது ஆகிய விவரங்களை எழுத்துமூலம் 15 நாளுக்குள் தெரிவிக்கக் கேட்டுக்கொள்கிறேன். பிழை இருப்பின் திருத்த ஆதார் நகலும் ரசீது நகல்களும் இணைத்துள்ளேன். நகல்: மாவட்டப் பதிவாளர் (நிர்வாகம்)."

கடைசி வரியில் உள்ள நகலை உண்மையாகவே அனுப்பி, அதன் தபால் சீட்டையும் ரசீதுகளோடு சேர்த்துக் குத்தி வையுங்கள்.