தப்பிப்போன வாயுவை எடைபோடுவது எப்படி?

ஓசூர் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "இங்கிலாந்தில் இருக்கும் என் மச்சான் கடையில் கிட் (தேவையான பொருட்கள் அடங்கிய பெட்டி) வாங்கி வீட்டிலேயே பீர் தயாரிக்கிறார். போன தடவை ஆல்கஹால் 4.1 சதவீதம் வந்தது என்கிறார். லேப் வசதி இல்லாமல் புள்ளிக்குப் பின்னால் உள்ள எண்ணைக்கூட எப்படிச் சொல்கிறார்?"

மச்சான் அளக்கப் பயன்படுத்தும் கருவியின் உடன்பிறப்பை வாசகர் நிச்சயம் பார்த்திருப்பார். பால் சொசைட்டியில் மிதக்கும் லாக்டோமீட்டர்தான் அது. 28 காட்டினால் அடர்த்தி 1.028, அதாவது லிட்டருக்குச் சுமார் 1028 கிராம். தண்ணீர் கலந்த பாலில் குழாய் கூடுதலாக இறங்கும். பீருக்கு இதே குழாய் வேறு அளவுக்கோடுகளுடன் வருகிறது, பெயர் ஹைட்ரோமீட்டர்.

ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பிரிட்டனில் சொந்தத் தேவைக்குப் பீர் தயாரிக்க 1963 முதல் உரிமம் தேவையில்லை. இங்கே 1937-ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டப்படி அது குற்றம். அந்தச் சட்டத்தைக் கொண்டுவந்த ராஜாஜி ஓசூருக்குப் பக்கத்துத் தொரப்பள்ளியில் பிறந்தவர். முதலில் அமலானதும் நம் மண்ணில்தான்: தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டும் சேர்ந்திருந்த பழைய சேலம் மாவட்டத்தில். அதனால் யாரும் செய்துபார்க்க வேண்டாம், கணக்கை மட்டும் பார்ப்போம்.

சாதாரண கிட்டில் 1.7 கிலோ மால்ட் பாகு (முளைகட்டிய பார்லியிலிருந்து எடுத்த பாகு) டப்பா இருக்கும். அதோடு 1 கிலோ சர்க்கரை சேர்த்து, தண்ணீர் ஊற்றி 23 லிட்டராக்குவார்கள். அடர்த்தியைப் புள்ளிகளில் கணக்கிடலாம், 0.001 என்பது ஒரு புள்ளி. ஒரு லிட்டர் கணக்கில் கிலோ சர்க்கரை 384 புள்ளியும் கிலோ மால்ட் பாகு ஏறக்குறைய 300 புள்ளியும் தரும். மொத்தம் 894. அதை 23-ஆல் வகுத்தால் 39. தொடக்க அடர்த்தி 1.039. ஈஸ்ட் சர்க்கரையை முழுவதும் தின்றுவிடும்; மால்ட்டில் உள்ள டெக்ஸ்ட்ரின் என்ற மாவுப்பொருள் துண்டுகளைத் தின்ன அதனால் முடியாது. அதனால் இறுதியில் 1.008 அளவில் நின்றுபோகும். வித்தியாசம் 0.031. அதை 131.25-ஆல் பெருக்கினால் 4.07. மச்சான் சொன்னது சரி.

131.25 எங்கிருந்து வந்தது? எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். 180 கிராம் குளுக்கோஸ் உடைந்தால் 92 கிராம் ஆல்கஹாலும் 88 கிராம் கார்பன் டை ஆக்சைடும் உண்டாகும். ஆல்கஹால் பாத்திரத்திலேயே தங்கும், வாயு குமிழ்விட்டு வெளியேறும். கொள்ளளவு பெரிதாக மாறாததால், அடர்த்தி ஒரு புள்ளி குறைந்தால் லிட்டருக்கு ஒரு கிராம் வாயு தப்பிப்போனது என்று பொருள். நம் கணக்கில் 31 கிராம் போயிருக்கிறது. அதற்கு இணையாக உண்டான ஆல்கஹால் 31-ஐ 92/88-ஆல் பெருக்கினால் வரும் 32.4 கிராம். ஆல்கஹாலின் அடர்த்தி 0.789, ஆக 41 மில்லி. லிட்டரில் 41 மில்லி என்றால் 4.1 சதவீதம்! அந்தக் கண்ணாடிக் குழாய் ஆல்கஹாலை நேரடியாக அளப்பதே இல்லை. போன வாயுவை எடைபோட்டு, தங்கிய ஆல்கஹாலைச் சொல்கிறது. 23 லிட்டரிலிருந்து 700 கிராமுக்கு மேல் வாயு போயிருக்கும். பிடித்து வைத்தால் இரண்டு 200 லிட்டர் பேரலை ஏறக்குறைய நிரப்பும்.

தவறுகள் பெரும்பாலும் முதல் அளவீட்டில் நடக்கின்றன. பாகு கனமானது, நன்றாகக் கலக்காவிட்டால் அடியில் தங்கும். பாத்திரத்தின் அடியில் உள்ள குழாயில் பிடித்த மாதிரி 1.060 காட்டினால் கணக்கில் 6.8 சதவீதம் வரும், பீரில் இருப்பது என்னவோ 4 தான். அடுத்தது வெப்பநிலை. 20 டிகிரிக்கு அளவிட்ட குழாயை நம் ஏப்ரல் மாத வெயில் போல 35 டிகிரி சூட்டில் மிதக்கவிட்டால் 4 புள்ளி குறைத்துக் காட்டும். ஆல்கஹால் கணக்கில் அரை சதவீதம் போய்விடும். நொதிக்கும் மாதிரியில் குமிழ்கள் குழாயில் ஒட்டி அதை மேலே தூக்கும். டீ ஆற்றுவது போல இரண்டு டம்ளருக்கிடையே நாலு தடவை ஆற்றினால் வாயு போய்விடும்.

மூன்று நாள் தொடர்ந்து ஒரே எண் வராமல் பாட்டிலில் அடைப்பது ஆபத்து. 1.008-க்கு வர வேண்டியதை 1.015-இல் அடைத்தால் லிட்டருக்கு இன்னும் 7 கிராம் வாயு உள்ளே உண்டாகும். நுரைக்காகச் சேர்க்கும் லிட்டருக்கு 6 கிராம் சர்க்கரை தருவது 3 கிராம்தான். அதோடு ஆல்கஹாலையும் 0.4 சதவீதம் கூட்டும். இரண்டும் சேர்ந்தால் கண்ணாடி வெடிக்கும்.

கிருஷ்ணகிரி மாங்கூழ் ஆலைகளில் பிரிக்ஸ் (சர்க்கரை அளவு) பார்க்கும், ஒளி வளைவதை வைத்து அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டர் போதாதா என்று கேட்கலாம். நொதிப்பதற்கு முன் போதும். பிறகு, ஆல்கஹாலும் ஒளியைத் தண்ணீரைவிட அதிகமாக வளைப்பதால், இல்லாத சர்க்கரையை இருப்பதாகக் காட்டும்.

ஹைட்ரோமீட்டரிடம் கேட்கவே கூடாத கேள்வி ஒன்று உண்டு: இதில் மெத்தனால் என்ற விஷ ஆல்கஹால் இருக்கிறதா? மெத்தனாலின் அடர்த்தி 0.792, பீரில் உள்ள ஆல்கஹாலான எத்தனாலோடு கிட்டத்தட்ட ஒன்று. குழாய்க்கு வித்தியாசம் தெரியாது. பற்றவைத்து நீலமாக எரிந்தால் நல்ல சரக்கு என்ற நம்பிக்கை இன்னும் ஊர்களில் உயிரோடு இருப்பது பயமாக இருக்கிறது. மெத்தனாலும் மங்கிய நீலமாகவே எரியும். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60 பேருக்கு மேல் இறந்தது மெத்தனால் கலந்த சாராயத்தால். இரண்டையும் நம்பகமாகப் பிரித்துக் காட்ட வாயு நிறப்பகுப்புக் கருவி (கேஸ் குரோமட்டோகிராஃப்) போன்ற ஆய்வகக் கருவி வேண்டும். அதை மாவட்டத்துக்கு ஒன்றாவது வைத்து, இயக்கத் தெரிந்தவரையும் நியமிக்க அரசு பணம் ஒதுக்க வேண்டும் என்பது என் கருத்து.